சுறாக் குருத்தெலும்பு சாப்பிட்டால் கட்டிக்கு இரத்தம் போகாதா?

2023 ஜூலை 9, இரவு 8.40 (கேள்வி, உப்புவெளி வாசகர்)

அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். மீன் சந்தையில் தெரிந்த ஒருவர் சுறா முள்ளைக் காயவைத்து இடித்த தூள் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார், 6,500 ரூபாய். கட்டிக்குள் இரத்தக்குழாய் வளர்வதை அது நிறுத்துமாம். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நிரூபித்ததாம். சுறாவுக்குப் புற்றுநோயே வராதாம். ஆய்வுகூடத்தில் வேலை செய்த அக்கா ஒருவர் இங்கே எழுதுவார், அவர் பார்த்தால் சொல்லட்டும். உண்மையா, புலுடாவா?

ஜூலை 9, இரவு 10.15

பாதி உண்மை. அதுதான் கரைச்சல். முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்திருப்பேன்.

குருத்தெலும்புக்குள் இரத்தக்குழாய் கிடையாது, சரி. அது ஏன் என்று தேடியவர்கள் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். ராபர்ட் லாங்கர் அப்போது இளம் இரசாயனப் பொறியியலாளர். கன்றுக்குட்டியின் குருத்தெலும்பிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்து, முயலின் கண்ணில் கட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குழாய் வளர்வது குறைந்தது. அது 1976. கன்றில் கிடைக்கும் குருத்தெலும்பு கொஞ்சம். சுறாவுக்கு எலும்புக்கூடு முழுக்க அதுதான், அதனால் 1983இல் சுறாவிலும் செய்துபார்த்தார்கள். அதிலும் தெரிந்தது.

ஆனால் எங்கே வைத்தார்கள் என்று கவனியுங்கள் தம்பி. கண்ணில், கட்டிக்குப் பக்கத்தில். முயலுக்குத் தின்னக் கொடுக்கவில்லை. நாம் விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும், சுறா வறை சாப்பிட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்பது சுத்தப் பொய். சுறா, திருக்கை வகையறாவில் 40-க்கு மேற்பட்ட கட்டிகளைப் பதிவுசெய்திருக்கிறார்கள். குருத்தெலும்பிலேயே கட்டி வந்த சுறாவும் உண்டு.

ஜூலை 10, காலை 6.30

ராத்திரி எழுதியது அவசரத்தில். "கட்டிக்கு ஏன் இரத்தக்குழாய், அதை ஆய்வுகூடத்தில் எப்படிப் பார்ப்பது" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ரியூசன் தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கிறது.

2005 முதல் 2009 வரை வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். என் வேலையில் பாதி, உயிர்க்கலங்களுக்குச் சாப்பாடு மாற்றுவது. கட்டிக்கலங்களை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் வளர்ப்போம். அவை மிதந்து குடிக்கிற சிவப்பு நிற ஊட்டத் திரவத்தை ஓரிரு நாள் கழித்து எடுத்து, கலங்களை வடிகட்டி விட்டுவிடுவோம். மிச்சம் வெறும் திரவம். அதை இரத்தக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் இருக்கிற இன்னொரு தட்டில் ஊற்றினால், அந்தக் கலங்கள் பெருகும், நகரும், கைகோத்துக் குழாய் கட்டத் தொடங்கும். கட்டிக்கலம் ஒன்றுகூட அந்தத் தட்டில் இல்லை.

மீன் வெட்டிக் கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மீன் சட்டிக்குள் இருக்கும், மதிலில் மூன்று பூனை இருக்கும். அந்தத் தண்ணீர்தான் இது. கட்டி தனக்கான குழாயை இப்படித்தான் கட்டிக்கொள்கிறது.

ஜூலை 10, பகல் 1.05

கடைசி வரியைத் திருத்துகிறேன். கட்டி குழாய் கட்டுவதில்லை. கட்டி கூப்பிடுகிறது, கட்டுவது நம்முடைய சொந்தக் கலங்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஓடுகிற நல்ல இரத்தக்குழாயிலிருந்து கிளை விட்டு வருகிறது. புண் ஆறும்போது வேலை செய்கிற அதே ஆட்கள்தான்.

இதிலிருந்து இன்னொன்று. கேள்வி கேட்ட தம்பி, அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கிறது என்றீர்களே. அந்தத் தூள் சொன்னபடி வேலை செய்தால் தையல் போட்ட புண்ணும் ஆறாது, அதற்கும் புதுக் குழாய் வேண்டும். உண்மையாகவே குழாயைத் தடுக்கிற பெவசிசுமாப் என்ற மருந்தை ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 28 நாளுக்குக் கொடுக்க மாட்டார்கள், காரணம் இதுதான். தூள் விற்றவர் "ஆபரேஷன் நடந்ததா" என்று கேட்டாரா?

ஜூலை 10, இரவு

கேட்கவில்லையாம். விலைதான் சொன்னாராம்.

ஜூலை 12

உட்துறைமுக வீதியால் வரும்போது கடற்படைக் கப்பல் ஒன்று நின்றது. அப்போதுதான் நினைவு வந்தது, இந்தக் கதை தொடங்கியதே கடற்படையில். அமெரிக்கக் கடற்படை.

1960களின் தொடக்கத்தில் ஃபோக்மன் கட்டாயச் சேவைக்காக மேரிலாந்தில் பெதஸ்டா கடற்படை மருத்துவ நிலையத்தில் இருந்தார். மாதக்கணக்கில் கடலில் நிற்கும் கப்பலில் இரத்தம் சேமித்து வைப்பது கஷ்டம், பதிலுக்கு ஒரு திரவம் கண்டுபிடி என்பது அவருக்குக் கொடுத்த வேலை. அவரும் ஃபிரெடரிக் பெக்கர் என்பவரும் ஒரு விலங்கின் தைராய்டு சுரப்பியைத் தனியே எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, அந்தத் திரவத்தை ஓடவிட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். அது உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க எலியின் கட்டிக்கலங்களை அதில் விட்டார்கள். கட்டிகள் வளர்ந்தன, கடுகளவு வந்ததும் நின்றுவிட்டன. 1, 2 மில்லிமீட்டர், அதற்கு மேல் இல்லை. செத்துவிட்டதோ என்று அதே கடுகை எடுத்துத் திரும்ப எலிக்குள் வைத்தால் பெரிதாக வீங்கி வளர்ந்தது.

பாத்திரத்தில் இல்லாதது எலியில் என்ன இருந்தது? புதிதாகக் கிளைவிடும் இரத்தக்குழாய். ஒட்சிசன் குழாயிலிருந்து கசிந்து ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு தூரம்தான் போகும். அதைத் தாண்டிய கலம் மூச்சுத் திணறும். 1971இல் இதை அவர் எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. அறுவை மருத்துவர் உயிரியல் பேசுகிறார் என்று சிரித்தார்களாம்.

கப்பலுக்கு இரத்தம் தேடப்போய்க் கட்டிக்கு இரத்தம் போகும் வழியைக் கண்டார். இரத்தத்துக்குப் பதிலான திரவம் மட்டும் அன்றாட வைத்தியத்துக்கு வந்துசேரவில்லை.

ஜூலை 15, காலை

தட்டில் குழாய் வளர்வதைக் கண்ணால் பார்த்தது எப்படி என்று மூதூர் வாசகர் கேட்டார். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதில்தான்.

உட்சுவர்க் கலங்கள் எங்கிருந்து? தொப்புள்கொடி. பிரசவ வார்டிலிருந்து தாயின் சம்மதத்தோடு வரும். அதன் நாளத்துக்குள் ஒரு நொதியை விட்டு, சற்றுப் பொறுத்துக் கழுவினால் உட்சுவர்க் கலங்கள் கழன்று வரும். 1973இல் எரிக் ஜாஃப் குழுவினர் இதைச் சரியாகச் செய்துகாட்டினார்கள். அதற்கு முன் இந்தக் கலங்களைத் தட்டில் உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. 1980இல் ஃபோக்மனும் ஹௌடென்ஷில்டும் நுண்குழாய்க் கலங்களை எடுத்து, நான் சொன்ன அந்த மீன் கழுவிய தண்ணீரில் வளர்த்து, தட்டிலேயே நடுவில் துவாரமுள்ள குழாய்கள் உண்டாவதைக் காட்டினார்கள். நாட்கணக்கில் காத்திருந்து.

எங்கள் காலத்தில் அவ்வளவு பொறுமை வேண்டாம். மேட்ரிஜெல் என்று ஒரு களி வரும். நம்ம கடற்பாசிக்கு நேர் எதிர் அது. கடற்பாசியைக் காய்ச்சி ஆறவைத்தால் இறுகும். இது குளிரில் தண்ணீராக இருக்கும், சூடு பட்டால் இறுகிவிடும். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் வைத்து உருக்க வேண்டும், உறிஞ்சும் குழாயின் முனையைக்கூடக் குளிரூட்டி வைத்திருக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதத்தில் திருகோணமலையில் செய்தால் மூடியைத் திறக்குமுன் இறுகிவிடும்.

அந்தக் களியின் மேல் கலங்களை விட்டு, உடற்சூட்டில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைத்துவிட்டு வருவோம். முதலில் தனித்தனிப் புள்ளி. இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் ஒவ்வொன்றும் நீண்டு பக்கத்து ஆளைத் தேடும். ஆறு மணித்தியாலத்தில் வலை. திருக்கடலூர்க் கரையில் காயப்போட்ட வலையைத் தூர நின்று பார்த்தமாதிரி, கண் கண்ணாக. மறுநாள் அறுந்து சுருங்கத் தொடங்கிவிடும், அதற்குள் படம் எடுத்து முடிச்சுகளை எண்ண வேண்டும். எண்ணியே என் கண் கெட்டது.

கட்டிக்கலங்கள் வளர்ந்த அந்தத் திரவத்தைக் கட்டிநீர் என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை, தட்டில் கட்டிநீர் ஊற்றிய குழியில் அப்படியொரு அழகான வலை வந்தது. துள்ளிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "கட்டிநீர் ஊற்றாத குழியில் என்ன நடந்தது?"

நான் அதைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அதிலும் வலை. கொஞ்சம் ஐதாக, ஆனால் வலைதான்.

மேட்ரிஜெல் செய்வதே எலியின் ஒருவகைச் சதைக்கட்டியிலிருந்து. வளர்ச்சியைத் தூண்டும் பொருள்கள் அதிலேயே ஊறிக் கிடக்கும். அவற்றைக் குறைத்து விற்கும் ரகம் வேறு. நான் எடுத்தது சாதாரண ரகம். இரத்தக்குழாயோடு சம்பந்தமில்லாத நார்க்கலங்களைப் போட்டாலும் அதன்மேல் வலைமாதிரி ஒன்றைப் பின்னிக் காட்டும். மூன்று கிழமை வேலை குப்பைக் கூடைக்குப் போனது.

ஜூலை 15, பின்னேரம்

குழியை ஆங்கிலத்தில் கிணறு என்றுதான் சொல்வார்கள். கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. என் தட்டில் 96 கிணறு, எல்லாம் ஒரே சூடு, 37 பாகை. இராவணனாலும் முடியாதது என்று ரியூசன் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜூலை 18

இன்னொரு வாசகர்: "அப்பாவுக்குச் சீனி வருத்தம். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். அது புற்றுநோய் மருந்து என்று யாரோ சொல்லி வீட்டில் எல்லோரும் அழுகை. நீங்கள் எழுதிய பெவசிசுமாப் பேர்தான் துண்டிலும் இருக்கிறது."

அழ வேண்டாம். அப்பாவுக்குப் புற்றுநோய் இல்லை. வேலை ஒன்று, இடம் வேறு.

மூச்சுத் திணறும் கலம் என்ன செய்கிறது என்று 12ஆம் தேதி சொல்லாமல் விட்டேன். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஒட்சிசன் தாராளமாக இருந்தால் உடனுக்குடன் அதை உடைத்துப் போட்டுவிடும். ஒட்சிசன் குறைந்தால் உடைக்கிற வேலை நிற்கிறது, புரதம் சேர்கிறது, சேர்ந்தது போய் விஇஜிஎஃப் என்ற சமிக்ஞையைச் செய்யச் சொல்கிறது. வெளியே கசிந்து குழாயைக் கூப்பிடுவது அந்த விஇஜிஎஃப்தான். இன்குபேட்டரில் ஒட்சிசனை 21 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறக்கிவைத்தால், அதே கலங்களின் திரவத்தில் விஇஜிஎஃப் ஏறுவதை அளந்தே பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன். ஒட்சிசனைக் கலம் உணரும் வழியைக் கண்ட மூன்று பேருக்கு, செமென்சா, கேலின், ராட்கிளிஃப், 2019இல் நோபல் கிடைத்தது.

சீனி வருத்தத்தில் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும். அந்த இடம் ஒட்சிசனுக்கு ஏங்கி இதே சமிக்ஞையை விடும். புதிதாக வருகிற குழாய்கள் நலிந்தவை, உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். ஊசி அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. கட்டியிலும் அதே வேலை.

குழாயைக் கசியவைப்பதும் விஇஜிஎஃப்தான். 1983இல் செங்கரும் டுவோராக்கும் கினிப்பன்றியின் கட்டியில் அதைக் கண்டு "குழாயைக் கசியவைக்கும் காரணி" என்று பெயர் வைத்தார்கள். 1989இல் ஃபெராரா வேறு வழியால் வந்து குழாய் வளர்க்கும் ஒன்றைப் பிரித்தெடுத்து வேறு பெயர் வைத்தார். பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்று. திருகோணமலை, திருமலை, கோகர்ணம் என்று நம்ம ஊருக்கே எத்தனை பெயர், அதுமாதிரி.

ஜூலை 19

"அப்படியானால் அந்த ஊசியைப் போட்டாலே புற்றுநோய் தீருமே" என்று ஒருவர். 1998இல் அமெரிக்கப் பத்திரிகைகளும் இப்படித்தான் குதித்தன, இரண்டு வருடத்தில் புற்றுநோய் ஒழியும் என்று. ஒழியவில்லை. பெவசிசுமாப் 2004 பெப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது நடுத்தர ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமானது. அந்த ஐந்து மாதத்துக்குக் கிட்டவான காலத்தைச் சின்னது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் குணம் என்ற சொல் வேறு. மார்புப் புற்றுநோய்க்குக் கொடுத்த அனுமதியை 2011இல் அமெரிக்காவே திரும்ப எடுத்துக்கொண்டது. கட்டிக்கு ஒரு வாசல் மட்டும் இல்லை. ஒரு சமிக்ஞையை அடைத்தால் இன்னொன்றை விடும்.

10ஆம் தேதி "கட்டுவது நம்முடைய சொந்தக் கலங்கள்" என்று அடித்துச் சொன்னதையும் சற்றுத் தளர்த்துகிறேன். சில கட்டிகளில் கட்டிக்கலங்களே வரிசையாகப் படுத்து வாய்க்கால்மாதிரி ஆகிவிடுவதை 1999இல் எழுதினார்கள். எவ்வளவு முக்கியம் என்று இன்னும் சண்டை.

ஜூலை 23

வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "ரீச்சர், நாங்கள் பார்க்கலாமா?" ஆய்வுகூடம் இல்லாமல் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு: கோழிமுட்டை. முட்டைக்குள் கருவைச் சுற்றி வரும் சவ்வில் கட்டித்துண்டை வைத்துக் குழாய் வளர்வதைப் பார்ப்பது பழைய ஆய்வுமுறை. நாங்கள் கட்டியெல்லாம் வைக்கவில்லை. பாலையூற்றில் ஒரு வீட்டு அடைக்கோழியின் முட்டையை ஐந்தாம் நாள் இருட்டறையில் டோர்ச் மேல் பிடித்தோம். நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அதிலிருந்து எல்லாப் பக்கமும் சிவப்புக் கிளை. யாரோ "சிலந்தி" என்றார்கள். முட்டையைத் திரும்பக் கோழிக்குக் கீழே வைத்தோம், கோழி என் கையைக் கொத்தியது. வீட்டுக்காரர் குஞ்சு பொரிக்கும்வரை என்னை நம்ப மாட்டாராம்.

ஜூலை 30, இரவு

கேள்வி கேட்ட தம்பி நேற்றுத் தனியாக எழுதினார். "அக்கா, அந்தத் தூள்காரர்மேல் உங்களுக்கு என்ன அவ்வளவு கோபம்?"

கோபம் அவர்மேல் இல்லை.

2007 ஜனவரி. பெரியம்மாவுக்கும் மார்பில்தான். திருகோணமலையிலிருந்து மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சோதனைச்சாவடிகளைத் தாண்டி பஸ்ஸில் போய்வந்த காலம். கனடாவிலிருந்து மச்சாள் சுறாக் குருத்தெலும்புக் கப்சூல் அனுப்பியிருந்தாள். பெரியம்மா எனக்குப் போன் எடுத்துக் கேட்டா, "பிள்ளை, நீதானே இதெல்லாம் படிக்கிறாய், எடுக்கட்டே?"

நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அதில கொஞ்சம் சயன்ஸ் இருக்குப் பெரியம்மா. எடுங்கோ."

என் வேலையைப் பற்றி வீட்டில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் சொன்னேன். முதல் நாள் இரவு இங்கே எழுதிய லாங்கர், முயல், கண் எல்லாவற்றையும் அன்றைக்கே போனில் பெருமையாகச் சொன்னேன், விழுங்கினால் செரித்துவிடும் என்பதைத் தவிர. தேடிப் பார்த்திருக்கப் பத்து நிமிடம் போதும். முற்றிய மார்பு, குடல் புற்றுநோயாளர் 83 பேரில் பாதிப்பேருக்குச் சுறாக் குருத்தெலும்பும் மற்றவர்களுக்கு வெறும் தூளும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005இலேயே வந்துவிட்டது. ஆயுளிலும் வித்தியாசமில்லை, உடல்சுகத்திலும் இல்லை. கட்டிநீர் ஊற்றாத குழி என்றேனே, அதே குழி. இரண்டாம் தடவையும் நான் பார்க்கவில்லை.

2007 ஜூனில் நுரையீரல் புற்றுநோயாளர் 379 பேரில், சுறாச் சாற்றைச் சுத்திகரித்துச் செய்த மருந்தின் முடிவு ஒரு பெரிய மாநாட்டில் வந்தது. அதிலும் பலனில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் அதைக் கதைத்தோம். நான் வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

பெரியம்மா ஐப்பசியில் போய்விட்டா. கப்சூலால் இல்லை, அது எனக்குத் தெரியும். 2009இல் ஊருக்கு வந்தபோது அலுமாரியில் இரண்டு போத்தல் உடைக்காமல் இருந்தது. கதவின் உட்பக்கம் அந்த வருடக் கலண்டர். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலால் 12 என்று எழுதியிருந்தா. மீன் நாறுகிறது, சோறு இறங்குதில்லை என்று சொன்னவவாம், ஆனால் நான் எடுக்கச் சொன்னதால் ஒரு நாளும் விடவில்லையாம்.

ஜூலை 31

நேற்று எழுதியதை அழித்துவிடச் சொல்லி மூன்று பேர். கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 4

முட்டை பொரித்துவிட்டது. வீட்டுக்காரர் படம் அனுப்பினார்.

கேள்வி கேட்ட தம்பியும் எழுதியிருக்கிறார். தூள் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினாராம், மருந்து ஏற்றும் காலத்தில் தொடவேண்டாம் என்று சொன்னார்களாம். விற்றவர் காசைத் திருப்பித் தரமாட்டார், அதுவும் தெரிந்ததுதான். 8ஆம் தேதி அடுத்த மருந்து. அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சுறா வறை ஆசையாம், "அக்கா, அதையாவது கொடுக்கலாமா?"

வாயில் புண் இல்லையென்றால் கொடுங்கள். நன்றாக அவித்து, முள்ளு பார்த்து எடுத்து, பச்சைமிளகாய் பாதியாகக் குறைத்து. தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் சோறும் இறங்கும்.